துளைகளை எண்ணிவிட்டு வாங்குங்கள்: இணையத்தில் விற்கும் புல்லாங்குழல் குறித்து

இணையச் சந்தையொன்றில் ‘கர்நாடகப் புல்லாங்குழல், சி ஸ்கேல், மரம்’ என்ற விவரத்தோடு விற்கப்பட்ட குழலை வரவழைத்து வாசித்துப் பார்த்தேன். வந்தது மூங்கில் குழல். உற்பத்தி நாடு ‘இந்தியா’ என்று விற்பனைப் பக்கத்தில் குறிப்பிட்டிருந்தார்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் நாட்டின் பெயரைத்தான் கேட்கின்றன. ஆகவே குழல் எந்த ஊர்ப் பட்டறையில், எந்த இசை மரபுக்காகத் துளையிடப்பட்டது என்பதை வாங்குபவர்தான் கண்டுகொள்ள வேண்டும்.

அதற்குத் துளைகளே நல்ல சாட்சி. கர்நாடகக் குழலில் ஊதுதுளை நீங்கலாக எட்டுத் துளைகள் இருக்கும்; வட இந்திய இசைக்கான இந்துஸ்தானி பான்சுரியில் ஆறு, சிலவற்றில் அடியில் ஏழாவதாக ஒன்று. எனக்கு வந்ததில் ஆறுதான். பான்சுரிக்குப் பேர்போன ஊர் உத்தரப் பிரதேசத்தின் பிலிபித். அஸ்ஸாம் மூங்கிலை வரவழைத்துக் குழல் செய்யும் குடும்பங்கள் அங்கே தலைமுறைகளாக இருக்கின்றன. இதுவும் அங்கிருந்து வந்ததாக இருக்கலாம் என்பது என் ஊகம். அப்படி வந்திருந்தால் அது குறையன்று. பான்சுரியைக் கர்நாடகக் குழல் என்று சொல்லி விற்பதுதான் குறை.

பெயர் மாறினால் சுருதியும் மாறிப்போகும் என்பதால் இதைச் சிறு பிசகாக ஒதுக்கிவிட முடியாது. பான்சுரியில் மேலிருந்து மூன்று துளைகளை மூடினால் ‘ச’ என்னும் ஷட்ஜம். கர்நாடக முறையில் இரண்டை மூடினாலே ஷட்ஜம். ஆகவே ‘சி’, அதாவது ஒரு கட்டை என்று முத்திரையிட்ட பான்சுரியைக் கர்நாடக விரல்வைப்பில் வாசித்தால் ஷட்ஜம் ‘டி’யில், அதாவது இரண்டு கட்டையில் நிற்கும். ஒரு கட்டைச் சுருதியில் பாடம் கேட்கும் மாணவர் இதை எடுத்துச் சென்றால், தம்புரா ஒலிக்கத் தொடங்கியதுமே ஆசிரியர் நிறுத்தச் சொல்லிவிடுவார்.

தரத்தைப் பொறுத்தவரை, சற்று நேரம் ஊதிக் குழலுக்குள் காற்று வெதுவெதுப்பான பிறகே டியூனர் செயலியில் சோதிக்க வேண்டும். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் சுருதி ஏறக்குறைய மூன்று சென்ட் (அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கே ஒரு சென்ட்) ஏறும். அப்படிச் சோதித்தபோது இந்தக் குழலின் மத்திய ஸ்தாயி சுருதி விலகாமல் நேராகவே இருந்தது. அதே விரல்வைப்பில் காற்றை அழுத்தி, மேலே உள்ள தார ஸ்தாயிக்குப் போனால் ஷட்ஜம் காது கூசும் அளவுக்குத் தாழ்ந்தது. உள்ளே அடைப்பாக இருக்கும் கார்க்கை நகர்த்தியும் முழுமையாகச் சீர்படவில்லை. ஊதுதுளையின் விளிம்பில் வார்னிஷ் திரண்டு நின்றதால் ஒலியோடு காற்றின் இரைச்சலும் கலந்தது. ஈட்டி மரத்தின் நிறத்தில் பூசிய அந்த வார்னிஷைத்தான் விற்பவர் பெருமையாகப் படம்பிடித்திருக்கிறார்; எனக்கோ அது மயிரிழை விரிசல்களை மறைக்கும் பூச்சாகவே தோன்றியது. விரிசல் பரவாமல் தடுக்க வேண்டிய நூற்கட்டும் தளர்ந்திருந்தது. குழலைத் தட்டியபோது மாவு போன்ற தூள் உதிராததால், வண்டு அரிப்பு இல்லை என்றே கொள்ளலாம்.

பொதி செய்த விதத்தில் குறை சொல்ல இடமில்லை. திருப்பி அனுப்பக் கேட்டபோது, வாய் வைத்து ஊதும் கருவி என்ற காரணத்தைக் காட்டி மறுத்துவிட்டார்கள். ஊதிப் பார்க்காமல் சுருதியை எப்படி அறிவது என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் தருகிறேன். மெல்லிசைப் பாடல்களைப் பொழுதுபோக்காக வாசிப்பவர் வாங்கலாம். கர்நாடக இசை கற்பவர், அனுப்பப்போகும் அதே குழலைத் தம்புராவோடு இரண்டு ஸ்தாயியிலும் வாசித்த ஒலிப்பதிவையும், துளைகள் தெரியும் படத்தையும் தரச் சம்மதிக்கும் விற்பனையாளரிடம் மட்டும் பணம் செலுத்த வேண்டும்.