ஹேண்ட்பிரேக் சொல்பேச்சு கேட்கும், பிளேயர் கேட்காது

ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் ஒரு படத்தை மாற்றி, என் சின்னத் திரைப் பிளேயரில் முதல் தடவை ஏற்றி ஓடவிட்டேன். சத்தம் வந்தது, படம் வரவில்லை. கருப்புத் திரைக்குள் இரண்டு பேர் மும்முரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், யார் என்றுதான் தெரியவில்லை. கையேட்டை எடுத்துப் பார்த்தால் "எம்பி4 ஓடும்" என்று ஒரே வரி. அந்த ஒரு வரியை நம்பி ஒரு இரவு முழுக்கக் கணினியை ஓடவிட்டிருக்கிறேன் என்பதுதான் வயிற்றெரிச்சல். எம்பி4 என்பது வெறும் டப்பா. உள்ளே எந்த கோடெக் (படத்தைச் சுருக்கும் முறை), அதிலும் எந்த புரொஃபைல் (அந்த முறையில் எந்தெந்த வசதிகள்), எந்த லெவல் (அளவுக்கும் வேகத்துக்கும் உச்சவரம்பு) என்று சொல்லாத வரைக்கும் அந்த வரிக்கு அர்த்தமே இல்லை. 2005ல் வந்த, வீடியோ ஓட்டும் ஆப்பிள் ஐபாடின் (iPod) விவரப் பட்டியலில் எச்.264 கோடெக் என்றால் 320×240, நொடிக்கு 30 ஃப்ரேம், 768 கிலோபிட், பேஸ்லைன் புரொஃபைல், லெவல் 1.3 வரை என்று புட்டுப் புட்டு வைத்திருந்தார்கள். என்னுடைய பிளேயரை விற்றவர்களுக்கு அந்த மாதிரி இரண்டு வரி எழுத மனசு வரவில்லை.

சரி, மென்பொருளுக்கு வருகிறேன். ஹேண்ட்பிரேக் இலவசம், திறமூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2003லேயே தொடங்கிய திட்டம், ஆனால் 1.0 என்ற எண்ணைப் போட 2016 டிசம்பர் வரை காத்திருந்தார்கள். அந்த நிதானம் எனக்குப் பிடிக்கும். திறந்ததும் இடதோ வலதோ ஒரு பிரீசெட் பட்டியல் (முன்பே தயாராக்கி வைத்த அமைப்புகள்) நிற்கும், ஒன்றைத் தட்டிவிட்டுத் தொடங்கு பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. போனுக்கும் டிவிக்கும் அது போதும். சின்னப் பிளேயருக்கு மட்டும் போதாது, ஏனென்றால் அந்த பிரீசெட்டுகள் ஓரளவு புதிய சாதனங்களை மனதில் வைத்துச் செய்தவை.

நான் முதலில் மாற்றுவது வீடியோ பக்கத்தில் இருக்கும் புரொஃபைலைத்தான். கோடெக் எச்.264, புரொஃபைல் பேஸ்லைன், லெவல் 3.0. பேஸ்லைனில் முன்னும் பின்னும் உள்ள ஃப்ரேம்களைப் பார்த்துச் சுருக்கும் பி-ஃப்ரேம் கிடையாது, கேபாக் என்ற சுருக்கும் முறையும் கிடையாது, அதனால் கோப்பு கொஞ்சம் பெரிதாகும், ஆனால் பிளேயருக்குள் இருக்கும் பாவப்பட்ட சில்லு மூச்சுத் திணறாது. என் கருப்புத் திரை இந்த ஒரு மாற்றத்திலேயே சரியாகிவிட்டது. நான் அதுவரை மெயின் என்ற கனமான புரொஃபைலில் வைத்து, தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் எண்ணை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன், முட்டாள்தனம்.

அடுத்தது அளவு. 1920×1080 படத்தை 320×180 ஆக்கினால் புள்ளிகள் சரியாக 36ல் ஒரு பங்காகிவிடும். திரை 320 புள்ளிதான் என்றால் 720பி கோப்பை வைத்துக்கொண்டு ஒரு லாபமும் இல்லை, இடமும் பேட்டரியும்தான் போகும். ஆனால் அகலத்திரைப் படங்களில் ஒரு சங்கடம்: 2.39 விகிதப் படம் 320 அகலத்தில் 134 புள்ளி உயரம்தான் வரும், 240 உயரத் திரையில் நடுவில் ஒரு நாடா மாதிரி. பக்கவாட்டில் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம், நான் வெட்டுவேன், ஒளிப்பதிவாளர்கள் மன்னிக்கட்டும். டிவிடியிலிருந்து எடுப்பவர்கள் அனமார்ஃபிக் என்ற அமைப்பைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். 720×576 என்று பதிந்திருக்கும் அகலத்திரைப் படம் திரையில் 1024×576 விகிதத்துக்கு விரிய வேண்டும், அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரியாத பிளேயரில் எல்லோரும் ஒல்லிக்குச்சி ஆகிவிடுவார்கள்.

தரத்துக்கு ஆர்எஃப். எண் குறைந்தால் தரம் கூடும், இது தலைகீழாக இருப்பதால் பலரும் தடுமாறுகிறார்கள். ஆறு எண் ஏற்றினால் கோப்பு ஏறக்குறைய பாதியாகும். சாதாரண டிவிடி அளவுக்கு 18 முதல் 22 வரை என்று அவர்களுடைய வழிகாட்டியிலேயே இருக்கிறது, நான் சின்னத் திரைக்கு 20ல் நிறுத்திக்கொள்கிறேன். படம் சிறியது, இதில் கஞ்சத்தனம் செய்து மிச்சமாவது சொற்பம். இருட்டுக் காட்சியில் மட்டும் அந்தக் கஞ்சத்தனம் பளிச்சென்று தெரியும்: ஆர்எஃப் 28ல் ஒரு இரவுக் காட்சியை மாற்றிப் பார்த்தேன், வானம் படிக்கட்டு மாதிரிப் பட்டை பட்டையாக நின்றது, ஆள் நடக்க நடக்க அந்தப் பட்டைகளும் கூடவே நகர்ந்தன. கார்டில் இவ்வளவுதான் இடம், அதற்குள் அடங்கியே ஆக வேண்டும் என்றால் நொடிக்கு இத்தனை கிலோபிட் என்று வைக்கும் சராசரி பிட்ரேட்டுக்குப் போங்கள். கணக்கு சுலபம், 1000 கிலோபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 450 மெகாபைட். படத்துக்கு 800, ஒலிக்கு 128 வைத்தால் இரண்டு மணி நேரப் படம் 835 மெகாபைட் வரும். கார்டு ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்தது என்றால் ஒரே கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்டக் கூடாது, இந்த அளவுகளில் அந்தப் பயம் இல்லை.

ஃப்ரேம் ரேட்டில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. போனில் எடுத்த வீடியோக்களில் ஃப்ரேம் ரேட் நிலையாக இருக்காது, வெளிச்சத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். அதை அப்படியே விட்டால் மலிவுப் பிளேயரில் முதல் ஐந்து நிமிடம் ஒழுங்காக ஓடும், அப்புறம் உதடு அசைந்து முடிந்த பிறகு வார்த்தை வரும். 30, நிலையான ஃப்ரேம் ரேட் என்று வைத்துவிட்டால் தீர்ந்தது.

ஒலிக்கு ஏஏசி கோடெக், ஸ்டீரியோ, 128 கிலோபிட். டிவிடிகளில் வரும் டால்பி ஒலியான ஏசி3யை அப்படியே கடத்தும் பாஸ்த்ரூவைத் தொடவே வேண்டாம், பெரும்பாலான சின்னப் பிளேயர்கள் ஊமையாகிவிடும். ஆறு சேனல் 5.1 ஒலியை ஸ்டீரியோவாக்கும்போது வசனம் அமுங்கும், பாட்டு வரும்போது காது கிழியும். ஹெட்ஃபோனில் இது பெரிய தொல்லை. ஒலியளவைக் கூட்டும் கெயினை ஏற்றினால் இரண்டும் சேர்ந்துதான் ஏறும். சத்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் டிஆர்சி என்ற நழுவுகோலைக் கொஞ்சம் நகர்த்தினால் பரவாயில்லை, ஆனால் அது மூல ஒலி ஏசி3யாக இருந்தால்தான் வேலை செய்யும்.

சப்டைட்டிலைப் படத்திலேயே பதித்துவிடுங்கள். தனி எஸ்ஆர்டி கோப்பாகப் போட்டால் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வரும், அல்லது கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். ஒரு தடவை பதித்ததை எடுக்க முடியாது, அதனால் மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.

குறை இல்லாமல் இல்லை. ஏவிஐ டப்பா கேட்கும் பழைய பிளேயர்களுக்கு ஹேண்ட்பிரேக் உதவாது, 2009லேயே அதைக் கைவிட்டுவிட்டார்கள். இப்போது தருவது எம்பி4, எம்கேவி, வெப்எம் போன்றவைதான். ஏஎம்வி என்ற விசித்திர வடிவத்தை மட்டுமே தின்னும் பிளேயர் உங்களிடம் இருந்தால் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் பக்கம் போக வேண்டும், அங்கே பொத்தான் எதுவும் கிடையாது, கட்டளை தட்டச்சு செய்ய வேண்டும்.

முழுப்படத்தையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். அத்தியாயம் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே நொடிக் கணக்கில் துண்டு எடுக்கும் வசதி இருக்கிறது. ஓட்டமும் சண்டையுமாக ஒரு நிமிடம், இருட்டில் ஒரு நிமிடம், இரண்டையும் மாற்றிப் பிளேயரிலேயே போட்டுப் பாருங்கள், கணினியில் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். சரியாக வந்ததும் அந்த அமைப்புகளைப் புது பிரீசெட்டாகச் சேமித்துக்கொள்ளலாம். என்னுடையதுக்கு 'கருப்புத் திரை' என்று பெயர் வைத்திருக்கிறேன். மொத்தக் கோப்புறையையும் வரிசையில் போட்டுவிட்டு இப்போது நிம்மதியாகத் தூங்கப் போகிறேன்.