அரிசோனாவின் ஐ-40: நேர்வழியா, ஊர்வழியா?

அரிசோனாவின் வடபகுதியைக் கிழக்கு மேற்காகக் கடக்கும் ஐ-40 நெடுஞ்சாலை, நியூ மெக்சிகோ எல்லையிலிருந்து கொலராடோ ஆறு வரை ஏறத்தாழ 360 மைல் நீளமுடையது. பெரும்பகுதியில் மணிக்கு 75 மைல் வேகம் அனுமதிக்கப்பட்டிருப்பதால், ஒரு சிக்னலில்கூட நிற்காமல் மாநிலத்தையே அரை நாளுக்குள் கடந்துவிடலாம். ஆயினும் ஹோல்புரூக், வின்ஸ்லோ, ஃபிளாக்ஸ்டாஃப், வில்லியம்ஸ், செலிக்மன், கிங்மன் முதலிய ஊர்களை நெருங்கும்போது, நெடுஞ்சாலை எண்ணைத் தாங்கிய வழக்கமான நீலச் சிவப்புக் கேடயச் சின்னத்தோடு பச்சை நிறக் கேடயச் சின்னம் ஒன்றும் பலகையில் தென்படும். அது ஊருக்குள் சென்று மீண்டும் நெடுஞ்சாலையில் வந்து சேரும் பிசினஸ் லூப் சாலைக்கான அடையாளம். எந்த ஊரில் இந்த லூப்புக்குள் நுழைவது, எந்த ஊரில் நேரே போய்விடுவது என்பதை ஊர் ஊராகத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நெடுஞ்சாலையும் லூப்பும் ஒரே எண்ணைத் தாங்கினாலும் இரண்டும் ஒரே தரத்துச் சாலைகள் அல்ல. ஐ-40 போன்ற மாநிலங்களிடை நெடுஞ்சாலைகளில் குறுக்குச் சாலையோ சிக்னலோ இருக்கக் கூடாது. லூப்புக்கு அந்த விதி கிடையாது, அது சாதாரணக் கடைவீதியாகவே இருக்கலாம். வட அரிசோனாவில் இந்த லூப்புகளில் பெரும்பாலானவை, ஐ-40-க்கு முன் இவ்வூர்களின் நடுவே சென்ற பழைய தேசிய நெடுஞ்சாலையான ரூட் 66-இன் துண்டுகள். புறவழிச்சாலை அமைந்ததும் ஊர்களின் வணிகம் ஒவ்வொன்றாக அடிவாங்கியது. செலிக்மனை 1978-இல் ஐ-40 ஒதுக்கிச் சென்றது. கடைசியாக ஒதுக்கப்பட்ட ஊர் வில்லியம்ஸ், 1984 அக்டோபரில். அடுத்த ஆண்டே ரூட் 66 தேசிய நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

லூப்புக்குள் நுழைவதால் மிகக் குறைவாக இழந்து மிக அதிகமாகப் பெறும் ஊர் வில்லியம்ஸ் என்பது என் உறுதியான கருத்து. 161-ஆம் எக்ஸிட்டில் (நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வழி) இறங்கி 165-இல் திரும்ப ஏறினால் கூடுதலாகச் செலவாவது சில நிமிடங்களே. கிழக்கு நோக்கிச் செல்பவர்களுக்கு ரூட் 66 தெருவும், மேற்கு நோக்கிச் செல்பவர்களுக்கு அதற்கு இணையான ரயில்ரோடு அவென்யூவும் ஒருவழிப் பாதைகளாக அமைந்துள்ளன. 1901-இல் தொடங்கி, 1968-இல் நின்று, 1989-இல் மீண்டும் ஓடத் தொடங்கிய கிராண்ட் கேன்யன் ரயில் இங்கிருந்துதான் புறப்படுகிறது. மேற்கிலிருந்து காரில் கேன்யனுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: வடக்கே செல்லும் 64-ஆம் எண் மாநிலச் சாலை, லூப் முடியும் அந்த 165-ஆம் எக்ஸிட்டிலேயே தொடங்குவதால், ஊருக்குள் புகுந்து வந்தாலும் வழி சுற்றாது.

வின்ஸ்லோவில் நீங்கள் எந்தத் திசையில் பயணம் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே பலன் அமையும். கிழக்கு நோக்கிய போக்குவரத்து இரண்டாம் தெருவிலும், மேற்கு நோக்கியது மூன்றாம் தெருவிலும் செல்கிறது. சாந்தா ஃபே ரயில் நிறுவனத்துக்காக மேரி கோல்ட்டர் வடிவமைத்து 1930-இல் திறக்கப்பட்ட லா பொசாடா ஹோட்டல் இரண்டாம் தெருவில் இருக்கிறது. 1957-இல் மூடப்பட்ட அந்தக் கட்டடம் 1997-இல் மறுபடியும் ஹோட்டலாகவே உயிர்பெற்றது. மேற்கு நோக்கிச் செல்பவர்கள் ஒரு தெரு தெற்கே திரும்பாவிட்டால் அதைப் பார்க்காமலே ஊரைக் கடந்துவிடுவார்கள். ஹோல்புரூக்கில் லூப்பின் ஓரமாகவே 1950-ஆம் ஆண்டின் விக்வாம் மோட்டல், கூம்பு வடிவ சிமென்ட் அறைகளோடு நிற்கிறது, அதற்காகவே இறங்கலாம்.

ஃபிளாக்ஸ்டாஃபில் என் பரிந்துரை தலைகீழானது. 191-ஆம் எக்ஸிட்டுக்கும் 201-ஆம் எக்ஸிட்டுக்கும் இடைப்பட்ட பத்து மைலை ஐ-40 தடையின்றிக் கடக்கிறது. லூப்போ பல்கலைக்கழக நகரத்தின் முழு நெரிசலையும் சுமக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கும் இந்நகரில், பனிச்சறுக்குக்கு வருகிறவர்களும் கேன்யனுக்குப் போகிறவர்களும் அதே வீதியில்தான் சேர்கிறார்கள். சாப்பிடவோ தங்கவோ எண்ணமில்லை என்றால் ஐ-40-ஐ விட்டு இறங்க வேண்டாம்.

உண்மையான போட்டி செலிக்மனுக்கும் கிங்மனுக்கும் இடையில்தான். செலிக்மன் லூப் முடிந்த பிறகும் பழைய சாலை நிற்காமல், வடமேற்கே வளைந்து, வாலாபாய் பழங்குடியினரின் தலைமையிடமான பீச் ஸ்பிரிங்ஸ், டிரக்ஸ்டன், ஹாக்பெரி வழியாகக் கிங்மனின் ஆண்டி டிவைன் அவென்யூவை அடைகிறது. ஐ-40-இல் ஏறத்தாழ 70 மைல், ஒரு மணி நேரம். பழைய சாலையில் 87 மைல் அளவு, நின்று நின்று போனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். செலிக்மனில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஏஞ்செல் டெல்காடியோவும் ஊர்க்காரர்களும் 1987-இல் சங்கம் அமைத்துப் போராடியதால்தான் இந்தச் சாலைக்கு வரலாற்றுச் சாலை என்ற மதிப்பு கிடைத்தது. பகல் வெளிச்சமும் அவசரமின்மையும் வாய்த்தவர்கள் தயங்காமல் இதையே தேர்ந்தெடுக்கலாம். கிளம்பும் முன் செலிக்மனிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்வது நல்லது. சரக்கு லாரி ஓட்டுபவருக்கோ ஐ-40 தவிர வேறு வழியை நான் சொல்ல மாட்டேன்.

தென்பகுதியில் லூப்புகளின் கதை வேறு. டூசானிலிருந்து கலிபோர்னியா செல்பவர்கள் ஃபீனிக்ஸ் நெரிசலைத் தவிர்க்க விரும்பினால், காசா கிராண்டே அருகே ஐ-10-ஐ விட்டு ஐ-8-இல் மேற்கே சென்று, கிலா பெண்டில் 85-ஆம் எண் சாலையைப் பிடித்து, பக்கை நகரில் மீண்டும் ஐ-10-இல் சேரலாம். அப்படி வருகையில் கிலா பெண்டில் ஐ-8-இன் பிசினஸ் லூப்பைத் தொட்டுத்தான் 85-க்குத் திரும்புகிறோம். ஆகவே அங்கே லூப்பையும் நெடுஞ்சாலையையும் ஒப்பிட வேண்டிய தேவையே எழுவதில்லை.