14 மாதம், ஒரே மாடலில் இரண்டு மடக்குக்கத்தி: எதைச் சரிசெய்தேன், எதைத் திருப்பி அனுப்பினேன்

இந்த மடக்குக்கத்தியை வாங்கி 14 மாதம் ஆகிறது. இப்போது என்னிடம் இருப்பது இரண்டாவது கத்தி. முதலில் வந்தது 9 நாளில் திரும்பிப் போய்விட்டது. அதே மாடல், அதே நிறம், ஆனால் குறைகள் வேறு. எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. நடுத்தர விலையில் வரும் எந்தக் கத்தியிலும் இந்தக் குறைகள் இருக்கலாம். பெயரைவிட, எந்தக் குறையோடு வாழலாம், எதோடு ஒரு நாள்கூட இருக்கக் கூடாது என்பதுதான் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும்.

அலகு 8 செ.மீ. நீளம், டி2 எஃகு. பிடி ஜி10, அதாவது கண்ணாடி இழைத் துணியை எபாக்ஸியில் தோய்த்து அழுத்திய தகடு. பூட்டு லைனர் லாக்: பிடிக்குள் இருக்கும் மெல்லிய எஃகுத் தகடு, அலகு விரிந்ததும் வில் போல நகர்ந்து அதன் அடிப்பாகத்துக்குப் பின்னால் போய் முட்டுக் கொடுக்கும்.

முதல் கத்தியைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் கண்ணில் பட்டது, மடக்கிய நிலையில் அலகு நடுவில் நிற்கவில்லை என்பதுதான். இடப்பக்கத் தகட்டில் ஏறக்குறைய உரசிக்கொண்டிருந்தது. நான் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையான கோளாறு வேறிடத்தில் இருந்தது. கத்தியை விரித்து, ஒரு கையால் பிடியை இறுக்கிப் பிடித்து, மறுகையின் இரண்டு விரலால் அலகின் முதுகைக் கவ்வி மேலும் கீழும் அசைத்தால் ‘டிக், டிக்’ என்று மெல்லிய சத்தம் வந்தது. பூட்டுத் தகடு அலகின் அடிப்பாகத்தில் ஓரத்தை மட்டும்தான் தொட்டுக்கொண்டிருந்தது.

பிவட் ஸ்க்ரூவை, அதாவது அலகு சுழலும் அச்சில் இருக்கும் திருகை, டைட் செய்தால் போய்விடும் என்று நினைத்து இரண்டு மாலை நேரங்களைச் செலவிட்டேன். பக்கவாட்டு ஆட்டம் போனது, மேல்கீழ் ஆட்டம் போகவில்லை. போகவும் போகாது. பக்கவாட்டு ஆட்டம் பெரும்பாலும் பிவட்டிலும் வாஷரிலும் இருக்கிறது. மேல்கீழ் ஆட்டமோ பூட்டுத் தகடும், அலகின் அடியும், அலகைத் தடுத்து நிறுத்தும் சிறிய ஊசியும் ஒன்றோடொன்று பொருந்தும் இடத்தில் இருக்கிறது. ஸ்க்ரூடிரைவருக்கு அங்கே வேலை இல்லை.

ஆறாம் நாள் தடித்த அட்டைப்பெட்டி ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தேன். முனை அட்டையில் சிக்கியது. லேசாகத் திருகி இழுத்தேன். பூட்டு நழுவி அலகு அப்படியே மடங்கியது. கூர் தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் தட்டையான பகுதி ஆள்காட்டி விரலில் வந்து விழுந்ததால் சிவந்த கோடு ஒன்றோடு தப்பினேன். விரலைச் சற்றுப் பின்னால் தள்ளிப் பிடித்திருந்தால் விழுந்திருப்பது கூர்ப்பகுதி. அன்றே கத்தியைப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

விற்றவருக்கு நல்ல வெளிச்சத்தில் எடுத்த ஒரு வீடியோவை, சத்தம் கேட்கும்படி அனுப்பினேன். ‘பிவட்டை டைட் செய்து பாருங்கள்’ என்று பதில் வந்தது. டைட் செய்து, பக்கவாட்டில் அசையவில்லை என்று முதலில் காட்டி, பிறகு மேல்கீழாக அசைவதைக் காட்டி இரண்டாவது வீடியோ அனுப்பினேன். பூட்டு நிற்கும் இடத்தையும் கிட்டத்தில் படம் எடுத்து வைத்தேன். அப்புறம் பேச்சு சுலபமானது. அவர்கள் கேட்ட ஒரே கேள்வி, கத்தியைக் கழற்றினீர்களா என்பதுதான். நல்லவேளை, கழற்றவில்லை. கழற்றிய கத்திக்கு உத்தரவாதம் தராத நிறுவனங்கள் உண்டு. எனவே முதல் வாரம் கை எவ்வளவு அரித்தாலும் கத்தியைப் பிரிக்காதீர்கள்.

இரண்டாவது கத்தி வந்ததும் முதலில் பார்த்தது பூட்டைத்தான். தகடு அலகின் அடியில் மூன்றில் ஒரு பங்கு ஏறி நின்றது. மேல்கீழ் அசைவு துளியும் இல்லை. லைனர் லாக்கை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கத்திக் கைவினைஞர், 1980களில். அந்த அமைப்பின் நயமே, உலோகம் தேயத் தேயத் தகடு இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்து இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்வதுதான். அதனால் புதிதில் ஓரத்திலேயே நின்றாலும் கோளாறு, கடைசிவரை போய் நின்றாலும் கோளாறு. நகர இடம் இருக்க வேண்டும். அலகின் முதுகை மேசையில் ஓங்கி அடித்துச் சோதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அடிப்பதில்லை, நல்ல பூட்டையும் அது கெடுத்துவிடும். அலகு மடங்கும் வழியில் விரல் இல்லாதபடி பிடித்து, முதுகை மரத்தில் வைத்து நிதானமாக அழுத்தினாலே தெரிந்துவிடும்.

சரி, இந்தக் கத்தியிலும் குறை இருந்தது. பக்கவாட்டில் லேசான ஆட்டம். டி8 (T8) அளவு நட்சத்திர முனைத் திருப்புளியால், அலகு நகரச் சிரமப்படும் வரை பிவட்டை இறுக்கி, பிறகு ஒரு இழை தளர்த்தினேன். ஒரு வாரத்தில் மறுபடி லூஸ். உத்தரவாதக் கேள்வி வராதபடி கத்தியைப் பிரிக்காமல் அந்த ஸ்க்ரூவை மட்டும் எடுத்து, ஸ்பிரிட்டால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, திருகு தளராமல் பிடித்துவைக்கும் நீல நிறத் திருகுப் பசையைத் தீக்குச்சி முனையளவு வைத்துப் பூட்டி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் வைத்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை அசையவில்லை. பசை வாஷருக்குள் இறங்கினால் அலகே ஒட்டிக்கொள்ளும், அதனால் குறைவாக வையுங்கள். சிவப்புப் பசை வேண்டவே வேண்டாம். பிறகு கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும். இடுப்புக் கிளிப்பின் சின்ன ஸ்க்ரூ ஒன்றைத் தேய்ந்த டி6 முனையால் திருப்பி, அதன் தலையை மழுக்கிவிட்டேன். இடுக்கியால் பிடித்துத்தான் எடுக்க முடிந்தது. நல்ல முனை முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும்.

என்னை அதிகம் படுத்தியது கூர். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கூரின் சரிவு ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர், மறுபக்கம் முனையருகே கிட்டத்தட்ட இரண்டு. தாளை வெட்டினால் பிடியருகே எப்போதும் ஒரே இடத்தில் சிக்கிக் கிழிக்கும். சரிவு முழுக்க மார்க்கர் மையைப் பூசி, கல்லில் இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். மேல்விளிம்பில் மட்டும் மை அழிந்திருந்தது, கூர் விளிம்பைக் கல் தொடவே இல்லை. தொழிற்சாலையில் வைத்த கோணம் அவ்வளவு தடிமன். டி2வில் கரிமம் சுமார் 1.5 சதவீதம், குரோமியம் 12 சதவீதத்தை ஒட்டி. அதிலிருக்கும் கடினமான கார்பைடுகள் (கரிமமும் உலோகமும் சேர்ந்த துகள்கள்) சாதாரணக் கல்லுக்கு மெதுவாகத்தான் மசியும். 400 கிரிட் (சொரசொரப்பின் அளவு; எண் கூடினால் வழவழப்பு) வைரத் தகட்டில், பக்கத்துக்கு 20 டிகிரியாக, மூன்று மாலை உட்கார்ந்து தேய்த்தேன். விளிம்பு முழு நீளத்துக்கும் மறுபக்கம் பிசிறு எழுந்தது விரல் நுனியில் தட்டிய பிறகுதான் பக்கம் மாற்றினேன். பிறகு 1000, கடைசியாகத் தோல்வார்.

அப்படித் தீட்டியும் நாலு நாளில் மழுங்கியது. எஃகே மட்டமோ என்று மனம் சோர்ந்தது உண்மை. ஆனால் தொழிற்சாலையில் உலர்ந்த சாணைப் பட்டையில் வேகமாகத் தீட்டும்போது மயிரிழை விளிம்பு சூடேறிப் பதம் இழக்கும். அந்தப் பகுதி தேய்ந்து உள்ளிருக்கும் நல்ல எஃகு வெளியே வரும்வரை கூர் நிற்காது. எனக்கு நான்காவது முறை தீட்டியபோது அது வந்தது. இப்போது தினமும் அட்டை அறுத்தும் மூன்று வாரம் தாங்குகிறது, இடையில் தோல்வாரில் பத்து இழுப்பு போதும். புதுக் கத்தியின் எஃகை முதல் கூரை வைத்து எடைபோடாதீர்கள். டி2 முழுத் துருவுறா எஃகு அல்ல என்பதையும் மறக்காதீர்கள். பழம் நறுக்கிவிட்டுத் துடைக்காமல் வைத்ததில் சாம்பல் நிறப் புள்ளிகள் விழுந்தன, அவை இன்னும் இருக்கின்றன.

மூன்றாவது குறை, பூட்டு ஒட்டிக்கொள்வது. மடக்கத் தகட்டை விலக்கினால் பிசினில் மாட்டியது போல நின்று, பிறகு சட்டென்று விடும். தகடு முட்டும் இடத்தில் பென்சிலால் அழுத்தி எழுதினேன். கிராஃபைட் படிந்ததும் இளகியது. சில வாரத்தில் தேய்ந்து மறுபடி ஒட்டியது, மறுபடி எழுதினேன். மூன்றாம் முறைக்குப் பிறகு தேவைப்படவில்லை. இரண்டு பரப்பும் தாமே பழகி வழவழப்பாகிவிட்டன. அந்த இடத்தை அரத்தால் ராவச் சொன்னவர்கள் உண்டு. நான் தொடவில்லை. அங்கே கோணம் இம்மி மாறினாலும், எதற்காக முதல் கத்தியைத் திருப்பி அனுப்பினேனோ அதே கோளாறை என் கையாலேயே உண்டாக்கியவன் ஆவேன்.

இந்தக் கத்தியின் அலகும் மடக்கினால் வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது. தகட்டைத் தொடவில்லை, அதனால் விட்டுவிட்டேன். மாதம் ஒருமுறை வெந்நீரும் சோப்பும் விட்டு அலசி, உலர்த்தி, பிவட்டில் ஒரு சொட்டு மினரல் ஆயில் விடுகிறேன். கூடவே முதுகைக் கவ்வி மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பேன். பூட்டுத் தகடு முதல் நாள் இருந்ததைவிட மயிரிழை உள்ளே நகர்ந்திருக்கிறது. சத்தம் இல்லை.