3 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது, போர்டு தாங்குமா? மலிவு டிசி மாட்யூல்கள் ஓர் ஒப்பீடு

12 வோல்ட் சப்ளை இருக்கிறது, 5 வோல்ட் வேண்டும். இந்த வேலைக்கு மலிவாகக் கிடைப்பவை நான்கு: பழைய 7805 ஐசி, எங்கும் தென்படும் எல்எம்2596 போர்டு, அதில் பாதிகூட இல்லாத எம்பி1584, கொஞ்சம் பெரிய எக்ஸ்எல்4015. விளம்பரப்படி முறையே 1, 3, 3, 5 ஆம்பியர். இவை சிப் தயாரித்தவர் சொன்ன எண்கள். அந்தச் சிப்பை ஒட்டியிருக்கும் போர்டுக்கு அவை பொருந்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சிப் தாங்கும்போது பக்கத்து டயோடு தாங்காது, அல்லது எல்லாம் தாங்கினாலும் சூடு வெளியேற வழி இருக்காது. எனவே ஒவ்வொன்றும் எங்கே முதலில் கைவிரிக்கிறது என்று பார்ப்பதுதான் உருப்படியான ஒப்பீடு.

7805-க்குக் கணக்கு எளிது. 12-க்கும் 5-க்கும் இடையே உள்ள 7 வோல்ட் அப்படியே சூடாகிறது. 1 ஆம்பியர் எடுத்தால் 7 வாட். ஹீட் சிங்க் இல்லாத 7805-க்குள் ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 65 டிகிரி சூடு ஏறும். அப்படியானால் ஹீட் சிங்க் இல்லாமல் 150 மில்லி ஆம்பியர் வரைதான் நிம்மதி. ஆனால் அந்த அளவுக்குள் வேலை முடியும் என்றால் நான் இன்றும் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். மற்ற மூன்றும் கரண்ட்டை வேகமாக ஆன், ஆஃப் செய்து (ஸ்விட்ச்சிங்) வோல்ட்டேஜைக் குறைப்பவை; அந்த இரைச்சல் இதில் கிடையாது. சென்சார், ஆடியோ இரண்டுக்கும் அது பெரிய விஷயம்.

அடுத்து எல்எம்2596. அதிகம் விற்பதும் இதுதான், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட், 3 ஆம்பியர் எடுக்கும்போது திறன் (உள்ளே போவதில் வெளியே வரும் பங்கு) சுமார் 80 சதவீதம். வெளியே போவது 15 வாட் என்றால் போர்டிலேயே தங்குவது கிட்டத்தட்ட 4 வாட். உள்ளே இருப்பது பைபோலார் ஸ்விட்ச் (பழைய வகை டிரான்சிஸ்டர்); 3 ஆம்பியரில் அதன் குறுக்கே மட்டும் 1 வோல்ட்டுக்கு மேல் விழுகிறது. மீதி இழப்பு டயோடிலும் இன்டக்டரிலும் (கம்பிச் சுருள்). நாலு சென்டிமீட்டர் நீளமுள்ள போர்டு இத்தனை சூட்டை மூடிய டப்பாவுக்குள் வைத்துத் தாங்காது. பக்கத்திலேயே எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் நிற்கின்றன. சூடு 10 டிகிரி ஏறினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். தொடர்ந்து ஓட 1.5 ஆம்பியர், காற்றோட்டம் இருந்தால் 2 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு போலி சிப் பிரச்சினையும் உண்டு. அசல் எல்எம்2596, 150 கிலோஹெர்ட்ஸில் ஸ்விட்ச் செய்யும். அதே பெயர் பொறித்து வரும் பல சிப்கள் 50 கிலோஹெர்ட்ஸ் பக்கம்தான் ஓடுகின்றன. ஓடினால் என்ன என்று கேட்கலாம். போர்டில் 33 மைக்ரோஹென்றி இன்டக்டர் இருக்கிறது என்று கொள்வோம். 12-லிருந்து 5 வோல்ட்டுக்கு, 150 கிலோஹெர்ட்ஸில் இன்டக்டரில் கரண்ட் ஏறி இறங்கும் அளவு சுமார் 0.6 ஆம்பியர். 50 கிலோஹெர்ட்ஸில் அதுவே சுமார் 1.8. அதாவது 3 ஆம்பியர் லோடில் உச்சம் 3.3-க்குப் பதில் 3.9-ஐத் தொடுகிறது. அந்தச் சின்ன இன்டக்டரின் கோர் அங்கே செறிவடையத் தொடங்கினால் (இதற்கு மேல் காந்தமாக முடியாத நிலைக்கு வந்தால்) கரண்ட் இன்னும் செங்குத்தாக ஏறும், சூடும் கூடும், அவுட்புட்டில் ரிப்பிளும் (வோல்ட்டேஜின் சிறு ஏற்ற இறக்கம்) கூடும். இதைக் கண்டுபிடிக்க ஆசிலாஸ்கோப் இருந்தால் நல்லது. கிலோஹெர்ட்ஸ் அளக்கும் மல்டிமீட்டரும் போதும். சிப்பின் இரண்டாவது காலில் வைத்துப் பாருங்கள். காட்டும் எண் 150-க்குப் பக்கத்தில் இல்லை என்றால், அந்த போர்டுக்கு 1 ஆம்பியருக்கு மேல் வேலை கொடுக்காதீர்கள்.

இன்னொரு பலவீனம் போர்டில் உள்ள நீல ட்ரிம்பாட், அதாவது திருகி அவுட்புட் வோல்ட்டேஜை மாற்றும் ரெசிஸ்டர். பல போர்டுகளில் அது அவுட்புட்டுக்கும், சிப் அவுட்புட்டைக் கண்காணிக்கும் ஃபீட்பேக் காலுக்கும் நடுவில் இருக்கிறது. அதன் உள் தொடர்பு விட்டுப்போனால் சிப்புக்கு அவுட்புட் வரவே இல்லை என்று தோன்றும், முழு வேகத்தில் தள்ளும். 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12-க்குப் பக்கம் வந்து நிற்கும். லோடு அவ்வளவுதான். நிரந்தரமாக வைக்கப் போகிற போர்டில் ட்ரிம்பாட்டைக் கழற்றிவிட்டு ரெசிஸ்டர் போடுங்கள். கீழே (ஃபீட்பேக் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில்) 330 ஓம் இருக்கிற போர்டில் மேலே, ட்ரிம்பாட் இருந்த இடத்தில், 1 கிலோ ஓம் வைத்தால் 4.96 வோல்ட் வரும். கீழே இருப்பது 330 தானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எம்பி1584 பல வகையில் இதைவிட நல்ல டிசைன். உள்ளே பைபோலாருக்குப் பதில் மாஸ்ஃபெட் (இன்னொரு வகை டிரான்சிஸ்டர்), வேகமான ஸ்விட்ச்சிங், அதனால் சின்ன இன்டக்டர் போதும். லோடு இல்லாதபோது சிப் குடிப்பது 100 மைக்ரோஆம்பியர் அளவு; எல்எம்2596 சும்மா இருக்கும்போதே 5 மில்லி ஆம்பியர் குடிக்கும். பேட்டரியில் மாதக்கணக்கில் ஓட வேண்டிய பொருளுக்கு இந்த ஒரு வித்தியாசமே போதும், வேறு யோசனையே வேண்டாம். ஆனால் இதிலும் 3 ஆம்பியரை மறந்துவிடுங்கள். சூடு பரவத் தாமிரப் பரப்பே இல்லை, 1.5 போதும். இன்புட் எல்லை 28 வோல்ட், 24 வோல்ட் சப்ளைக்கு இது தாராளம் என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. இன்புட்டில் செராமிக் கெப்பாசிட்டர் மட்டும் இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் சப்ளையின் ஒயரை மாட்டும் அந்தக் கணத்தில் ஒயரின் இன்டக்டன்ஸும் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஊசலாடி, சப்ளையைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரை எகிறும். 12 வோல்ட்டில் 24, தப்பித்துவிடும். 24 வோல்ட்டில் 40-ஐத் தாண்டும், சிப் போய்விடும். இன்புட்டில் 50 வோல்ட் 100 மைக்ரோஃபேரட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்றைச் சேர்த்தால் ஊசலாட்டம் அடங்கும்.

2 ஆம்பியருக்கு மேல் உண்மையிலேயே வேண்டும் என்றால் எக்ஸ்எல்4015. 5 ஆம்பியருக்கு அல்ல, 3 ஆம்பியருக்கு. இரண்டு ட்ரிம்பாட் உள்ள, கரண்ட் கட்டுப்படுத்தும் வகையில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: பெரும்பாலும் கரண்ட் அளக்கும் ரெசிஸ்டர் நெகட்டிவ் பாதையில் இருக்கும். இன்புட் நெகட்டிவையும் அவுட்புட் நெகட்டிவையும் வெளியே எங்காவது இணைத்துவிட்டால் கரண்ட் கட்டுப்பாடு வேலை செய்யாது.

வோல்ட்டேஜை ஏற்றும் பூஸ்ட் மாட்யூல்களில் குழப்பம் இன்னும் அதிகம். எம்டி3608, எக்ஸ்எல்6009 இரண்டுக்கும் சொல்லப்படும் 4 ஆம்பியர், ஸ்விட்ச்சில் ஓடும் கரண்ட். உங்களுக்கு வெளியே கிடைப்பது அல்ல. 3.7 வோல்ட் லித்தியம் செல்லிலிருந்து 12 வோல்ட் 1 ஆம்பியர் வேண்டுமா? வெளியே 12 வாட், இழப்பைச் சேர்த்தால் உள்ளே 14 வாட், செல் தர வேண்டியது சராசரியாகவே 3.8 ஆம்பியர். எம்டி3608-க்கு அது முடியாத காரியம். 300 மில்லி ஆம்பியர் கேட்டால் சமாளிக்கும். ஒற்றைச் செல்லுக்கு எக்ஸ்எல்6009 பொருந்தவே பொருந்தாது, அதன் டேட்டாஷீட் 5 வோல்ட்டிலிருந்துதான் தொடங்குகிறது. அப்புறம், இரண்டிலும் இன்புட்டிலிருந்து இன்டக்டர், டயோடு வழியாக அவுட்புட்டுக்கு நேர்ப் பாதை எப்போதும் திறந்திருக்கிறது. அவுட்புட் ஷார்ட் ஆனால் சிப் எதையும் தடுக்க முடியாது, இன்புட்டில் ஃபியூஸ் வேண்டும். எம்டி3608 இன்புட் 2 வோல்ட்டுக்கு இறங்கும் வரை செல்லை உறிஞ்சும். லித்தியம் செல் அதற்கு வெகு முன்பே கெட்டுவிடும் என்பதால், புரொடெக்ஷன் போர்டு இல்லாத செல்லை இதில் இணைக்காதீர்கள்.