மூக்கா ஹெட்: பூட்டிய கதவு வரை

மலேசியாவின் பினாங்குத் தீவில் பிறந்து 22 வயது வரை அங்கேயே வளர்ந்தவன் நான். இருந்தும் மூக்கா ஹெட் கலங்கரை விளக்கத்தை இந்தப் பயணத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். எங்கள் காலத்துப் பிள்ளைகளுக்குக் கலங்கரை விளக்கம் என்றால் கார்ன்வாலிஸ் கோட்டைப் பக்கம் கப்பலின் கொடிமரம் போல நிற்கும் 1882-ஆம் ஆண்டு இரும்புக் கோபுரம்தான். அதற்கு ஓராண்டு இளையது தீவின் வடமேற்கு மூலையில், காட்டுக்குள் இருக்கிறது. மெல்பர்னிலிருந்து வந்தவனுக்குத்தான் அங்கே போக ஆசை வந்தது. உள்ளூரில் இருக்கும் அண்ணன் குடும்பத்தில் ஒருவரும் போனதில்லை.

அண்ணன் மகனுடன் காலையிலேயே வெல்ட் குவேயில் 101-ஆம் எண் பஸ் பிடித்தேன். பஸ்ஸில் மீதிச் சில்லறை கிடைக்காது என்பதை மறந்து 10 வெள்ளி (ரிங்கிட்) நோட்டைப் பெட்டியில் போட்டுவிட்டேன். "சித்தப்பா, நீங்கள் சுற்றுலாப் பயணியாகவே மாறிவிட்டீர்கள்" என்றான் பையன்.

அது உண்மைதான் என்பது தெலுக் பாஹாங்கில், தேசியப் பூங்கா வாசலில் உறுதியானது. அவன் மைகார்டை, அதாவது மலேசிய அடையாள அட்டையை நீட்டினான், நான் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டை நீட்டினேன். வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு. "நான் பினாங்குப் பிள்ளை" என்று துருப்பிடித்த மலாயில் சொல்லிப் பார்த்தேன். முகப்பிலிருந்த பெண் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபடியே முழுத் தொகைக்கும் ரசீது கிழித்தார். இரட்டைக் குடியுரிமைக்கு இந்நாட்டில் இடமில்லை, விட்டுப் போனது நான்தான். பெயர், தொலைபேசி எண் எழுதிக்கொண்டு, எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்பதையும் பொறுமையாகச் சொல்லித்தான் அனுப்பினார்.

போகும்போது நடை, திரும்பும்போது படகு என்பது திட்டம். குரங்குக் கடற்கரை வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல். பாதை கடலை ஒட்டியே போகிறது. படி கட்டாத இடங்களில் மர வேர்களே படி. வழியில் தெலுக் ஆலிங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மையம் தெரிந்தது. கடற்கரையைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. அதுவரை கதை பேசியவர்கள் அங்கே வாயை மூடிக்கொண்டோம்.

அவ்வளவு மூச்சு வாங்கி ஏறினால், எதிரே நிற்பது வெறும் 14 மீட்டர் கருங்கல் கோபுரம். முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகுதான் உறைத்தது: கடல் மட்டத்திலிருந்து 242 மீட்டர் உயரத்தை மலையே கொடுத்துவிட்டபோது 1883-இல் கட்டியவர்கள் எதற்காக இன்னும் உயர்த்த வேண்டும்? சுவரில் உள்ளங்கையை வைத்தேன். உச்சி வெயிலிலும் நிழல் பக்கத்துக் கல் பானைத் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது.

கதவில் பூட்டு. முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளாமல் வந்தது என் தவறு. அங்கிருந்த காவலர் அண்டை மாநிலமான கெடாப் பக்கத்துத் தமிழர், அறுபதை நெருங்கியவர். "உள்ளே விட எனக்கு அதிகாரமில்லை தம்பி. உட்காருங்கள், முதலில் தண்ணீர் குடியுங்கள்" என்று தம் போத்தலையே நீட்டினார். மரங்களுக்கு இடையே வடகிழக்கில் மங்கலாகத் தெரிந்த மலையைக் காட்டி, "அதுதான் குனோங் ஜெராய். என் வீடு அதற்குக் கீழே" என்றார். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த சேவை அந்த அரைப் போத்தல் தண்ணீர்.

படகு விஷயத்தில்தான் வயிறு எரிந்தது. ஒன்றரை மணிக்கு வருவதாகச் சொன்னவர் மூன்றாகப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்தார். அதற்குள் குரங்கொன்று எங்கள் முறுக்குப் பொட்டலத்தைப் பிடுங்கி, எதிரிலேயே உட்கார்ந்து பிரித்துத் தின்றது. வந்தவரோ கடல் மோசமாக இருப்பதாகச் சொல்லி 20 வெள்ளி கூடக் கேட்டார். கடல் தட்டில் ஊற்றிய பால் போலக் கிடந்தது! மறுபடி நடக்கக் காலில் தெம்பில்லாததால் கொடுத்தேன். நீங்கள் போனால் நேரத்தையும் விலையையும் ஏறுவதற்கு முன்பே பேசி, காசைக் கரை சேர்ந்த பிறகு கொடுங்கள்.

இரவு அம்மாவிடம் படங்களைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தவர், பூட்டில் வந்து நிறுத்தினார்.

"இதைப் பார்க்கவா மெல்பர்னிலிருந்து வந்தாய்?"