பெட்டகத்துக் காகிதங்களோடு ஐந்து ஆண்டுகள்

எங்கள் பங்காளி வீடு ஒன்றைப் பிரித்தபோது நிலை, தூண், கதவு எல்லாம் நல்ல விலைக்குப் போயின. கணக்கேடுகள் மட்டும் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போயின. அந்த வருத்தத்தில்தான் தேவகோட்டையில் எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியைத் திறந்தேன். பேரேடுகள், ரங்கூன் கடிதங்கள், மொய்ப்பண ஏடு, கல்யாணச் சீர்ச்சாமான்களைப் பட்டியலிடும் ஒரு முறைச்சிட்டை. அவற்றைச் செல்போனில் படம் எடுத்துச் சொந்தபந்தங்களுக்குக் காட்டத் தொடங்கி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன.

ஸ்கேனர் வேண்டாம். தைத்த பேரேட்டைக் கண்ணாடியில் அழுத்தினால் முதுகு விட்டுப்போகிறது. வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) காலை பத்து மணி வெளிச்சம், போனை மேலிருந்து பிடிக்க ஒரு ஸ்டாண்டு, பக்கத்தில் ஓர் அளவுகோல் போதும். முதலில் ஓர் ஆப்பை நம்பினேன். அது எழுத்தைப் பளிச்சென்று காட்ட எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக்கியது. கணக்கு சரிபார்த்தவர் பென்சிலில் போட்ட குறிகள் அத்தனையும் காணாமல் போயின. மூன்று மாத வேலையைத் திரும்பச் செய்தேன். அசல் நிறத்திலேயே எடுங்கள். கோப்பின் பெயரில் ஏட்டின் பெயரும் பக்க எண்ணும் இருக்கட்டும்.

சரி, எடுத்தாயிற்று. இருநூறு படங்களைக் குடும்பக் குழுவில் போட்டேன். யாரும் திறக்கவில்லை. மொய்ப்பண ஏட்டின் ஒரே ஒரு பக்கத்தை இன்றைய எழுத்தில், இன்றைய எண்ணில் எழுதிப் போட்ட அன்றுதான் போன் அடிக்கத் தொடங்கியது. ஒவ்வொருவரும் தங்கள் ஐயாவின் விலாசத்தை, அதாவது பெயருக்கு முன் வரும் குடும்ப எழுத்துகளைத் தேடினார்கள். படம் எடுப்பது பாதி வேலைகூட இல்லை என்று அன்று புரிந்தது.

ஏட்டில் உள்ள பழைய தமிழ் எண்களையும் பின்னங்களையும் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் அப்பத்தா. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. "எங்க அப்பச்சி முந்திரி வரைக்கும் தப்பில்லாம எழுதுவாக" என்றார். இந்தப் பின்னக் குறிகளுக்குக் கணினி எழுத்துத் தரமான யூனிகோடில் இடம் கிடைத்ததே 2019இல்தான். அதனால் பட்டியலில் குறியைத் தட்டச்சு செய்யாமல் பெயரையே எழுதுகிறேன். தேடும்போது கிடைக்கிறது.

தேதிதான் பெரிய பொறி. ஒரு ரங்கூன் கடிதத்தில் 'பிரமோதூத வருஷம்' என்று மட்டும் இருந்தது. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெயர், 1870ஆ, 1930ஆ? தபால்தலையில் ஐந்தாம் ஜார்ஜின் முகம் இருந்ததால் 1930 என்று உறுதியானது. நெல் விலை விழுந்து வசூல் நின்றுவிட்டது, வயலைத்தான் எழுதித் தருகிறார்கள் என்று பர்மாவில் எங்கள் கொடுக்கல் வாங்கலைப் பார்த்துக்கொண்ட மேலாள் எழுதியிருக்கிறார். ஐயா பர்மாவில் நிலம் வாங்கினார் என்றுதான் எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். வாங்கவில்லை, திரும்பாத கடனுக்கு ஈடாக வந்த நிலம் அது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் 1930இல் சுமார் 6 விழுக்காடு. 1938க்குள் 25 விழுக்காடு. அந்தக் கணக்கைப் படித்த பிறகுதான் எங்கள் கடிதத்தின் கனம் தெரிந்தது. அந்த வயலை இழந்த பர்மிய விவசாயியின் பெயரும் கடிதத்தில் இருக்கிறது. பகிரும்போது அதை நான் விடுவதில்லை.

பின்னணி தேட எனக்கு அதிகம் உதவுவது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். பழைய நூல்களும் இதழ்களும் கட்டணமில்லாமல் வீட்டிலிருந்தே படிக்கக் கிடைக்கின்றன. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர்க்காரர் ஒருவர் தனியாளாகச் சேர்த்த சேகரிப்பு அதன் தொடக்கம். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கிச் சிதறாமல் காத்தது. அதே கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார் பழைய பத்திரிகைக் கட்டுரைகளைத் தேடியெடுத்துத் தம் 'குமரி மலர்' இதழில் மறுபடி அச்சிட்டார். ஒருவர் சேர்த்தார், ஒருவர் படிக்கக் கொடுத்தார். இரண்டாவதைச் செய்யத்தான் இப்போது ஆள் குறைவு.

ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். கடன் பாக்கி, பாகத் தகராறு பற்றிய பக்கங்களை அந்தந்த வீட்டாரைக் கேட்காமல் நான் வெளியே விடுவதில்லை. இரண்டு வீட்டார் வேண்டாம் என்றார்கள்; அந்தப் பக்கங்கள் பெட்டியிலேயே இருக்கின்றன.

அடுத்து முறைச்சிட்டை. பாதிப் பாத்திரங்களின் பெயர் எனக்குத் தெரியவில்லை. பெரிய எழுத்தில் அச்சிட்டு அப்பத்தாவிடம் கொடுத்திருக்கிறேன். தெரிந்த பெயருக்கெல்லாம் புள்ளி வைத்துக்கொண்டு வருகிறார்.