562.5 கிலோநியூட்டனும் 2 மில்லிநியூட்டனும்: ஏழு வருட அனுபவம்

சிவில் துறை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு அறையில் கான்கிரீட் கியூப் உடைக்கும் 2000 கிலோநியூட்டன் மெஷின் இருக்கிறது. இரண்டு அறை தள்ளி நானோஇண்டென்டர்: சிமெண்ட் துண்டை வழவழவென்று பாலிஷ் செய்து, வைர முனையால் அழுத்திப் பார்க்கும் கருவி. 150 மி.மீ. கியூப் ஒன்று சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்கினால் மெஷின் காட்டுவது 562.5 கிலோநியூட்டன். வைர முனைக்கு நாங்கள் கொடுப்பதோ அதிகபட்சம் 2 மில்லிநியூட்டன். இரண்டுக்கும் இடையே 28 கோடி மடங்கு வித்தியாசம். ஒரே நாளில் இரண்டையும் ஒரே அறிக்கையில் எழுத வேண்டியிருப்பதால், அலகு மாற்ற எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்று சொல்ல எனக்கு நிறையவே இருக்கிறது.

முதலில் போனில் ஒரு இலவசச் செயலி வைத்திருந்தேன். கிலோநியூட்டன், நியூட்டன், டன் என்று போகும்வரை குறையே இல்லை. சின்ன எண்களில்தான் மாட்டினேன். அது ஆறு தசம இடத்தோடு நிறுத்திக்கொள்ளும். 400 மைக்ரோநியூட்டனைக் கிலோநியூட்டனாக்கினால் சுத்தமாகப் பூஜ்யம். 600 கொடுத்தால் 0.000001, அதை நகலெடுத்துத் திருப்பி மாற்றினால் 1000 மைக்ரோநியூட்டன்! பூஜ்யம் வந்தால் கண்ணில் படும். 600 என்பது 1000 ஆனால் யாருக்குத் தெரியும்? ஒரு வாரத்து அளவீடுகளை அப்படித் திரும்பச் சரிபார்த்த பிறகு அந்தச் செயலியை நீக்கிவிட்டேன்.

இன்றுவரை கூடவே இருப்பது கேசியோ 991 எம்எஸ் கால்குலேட்டர். அதில் ஈஎன்ஜி என்ற பொத்தானைப் பரீட்சைக் காலத்தில் நான் தொட்டதே இல்லை. 562500 போட்டு, சமம் தட்டி, ஈஎன்ஜியை அழுத்தினால் 562.5 பெருக்கல் 10³ என்று வரும், அதுதான் கிலோநியூட்டன். மறுபடி அழுத்தினால் நியூட்டன். இன்னொரு தடவை அழுத்தினால் 10⁻³, மில்லிநியூட்டன். ஷிஃப்டோடு அழுத்தினால் எதிர்த்திசையில் ஏறும். மூன்று மூன்று அடுக்காக நகர்வதால் கிலோ, மில்லி, மைக்ரோ, நானோ எல்லாம் தனித்தனி அலகுகள் அல்ல, ஒரே நியூட்டனின் படிக்கட்டுகள் என்பது விரலுக்கே பழகிவிடுகிறது. அதிலிருந்து எனக்கு வந்த வழக்கம்: எந்த அலகிலிருந்து எதற்குப் போனாலும் நடுவில் நியூட்டனில் ஒரு நிமிடம் நிற்பேன். நேராகத் தாவ மாட்டேன்.

நூற்றுக்கணக்கான வரிசைகள் இருந்தால் எக்செலின் கன்வர்ட் ஃபார்முலா நல்லது. மைக்ரோவுக்கு ஆங்கில ‘யு’ எழுத்தை ஏற்றுக்கொள்கிறது, டைன் என்ற பழைய விசை அலகும் தெரியும். சின்ன எம் போட்டால் மில்லி, பெரிய எம் போட்டால் மெகா.

இந்த எம் விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஒரு முறை அறிக்கையின் அட்டவணைத் தலைப்புகள் எல்லாம் பெரிய எழுத்தாக மாறும்படி வார்ப்புரு அமைந்திருந்தது. நான் அடித்தது மில்லிநியூட்டன், அச்சில் வந்தது மெகாநியூட்டன். ஆராய்ச்சி மாணவி ஒருத்திதான் தாளைக் கொண்டுவந்து, “அக்கா, இது மில்லிதானே?” என்று கேட்டாள். 2 மெகாநியூட்டன் என்றால் எங்கள் கியூப் மெஷினின் முழுக் கொள்ளளவு. அத்தனையும் ஒரு வைர முனையில்! அன்றிலிருந்து தலைப்பில் குறியீடு போடுவதில்லை, அலகின் பெயரை முழுதாக எழுதுகிறேன்.

பழைய ஆவணங்களுக்கு வேறு கவனம் வேண்டும். டன்னில் எழுதிய கியூப் முடிவுகளைப் பத்தால் பெருக்கிக் கிலோநியூட்டன் ஆக்குவது பலருக்கும் பழக்கம். சரியான எண் 9.80665. பத்து என்று வைத்தால் இரண்டு சதவீதம் கூடிவிடும். விளிம்பில் நிற்கும் கியூபுக்கு அது பாஸா ஃபெயிலா என்பதையே மாற்றும். டைன் அப்படிப் படுத்துவதில்லை. ஒரு டைன் 10 மைக்ரோநியூட்டன். பரப்பு இழுவிசையில் டைன்/செ.மீ. என்று இருந்தால் எண்ணைத் தொடவே வேண்டாம், அப்படியே மில்லிநியூட்டன்/மீட்டர் என்று எழுதலாம்; 20 டிகிரியில் தண்ணீருக்கு இரண்டிலும் 72.8தான்.

புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது கால்குலேட்டரின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் இரண்டு வரிகளை. நியூட்டனைச் சதுர மில்லிமீட்டரால் வகுத்தால் மெகாபாஸ்கல். மில்லிநியூட்டனைச் சதுர மைக்ரோமீட்டரால் வகுத்தால் கிகாபாஸ்கல். கியூப் அறைக்கு முதல் வரி, வைர முனை அறைக்கு இரண்டாவது. இந்த ஜோடிகளிலேயே இருந்துகொண்டால் பாதி நாள் அலகு மாற்ற வேண்டிய வேலையே வருவதில்லை.